எந்த நொடியில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்

மும்பையிலிருந்து தமிழ் வடிவங்களை வெளியிடும் ஓடிடி தளங்களின் உள்ளடக்கப் பிரிவுகளுக்கும், தமிழ் சேனல்களின் ப்ரோமோ பிரிவுகளுக்கும், டப்பிங் ஸ்டூடியோ நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ் டப்பிங்குக்கோ சப்டைட்டிலுக்கோ வேலை வரும்போது கூடவே ஒரு வழிகாட்டுத் தாள் வரும். அண்மையில் எங்களில் பலருக்கு வந்த தாள்களில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் வரும் எச்சரிக்கைக் குறிப்பை மொழிபெயர்க்க வேண்டாம், ஆங்கிலத்தில் உள்ளதே போதும். தேவைப்பட்டால் ‘வன்முறை’ என்று ஒரு சொல் போடலாம். வசனம் முழுக்கத் தமிழ். பாட்டும் தமிழ். கதையில் வரும் கடைப் பலகைக்கும் சுவரொட்டிக்கும்கூடத் தமிழ் வரி கேட்கிறீர்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்க்கப்போகிறோம் என்று சொல்கிற அந்த ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் நாலைந்து வினாடி நின்று மறைந்தால் போதும் என்கிறீர்கள். எங்களால் இதை ஏற்க முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தக் காட்சியையும் நாங்கள் வெட்டச் சொல்லவில்லை, மங்கலாக்கவும் சொல்லவில்லை. கத்தி இறங்கும் இடத்தில் படத்தை மங்கலாக்கிவிட்டுச் சத்தத்தை அப்படியே விடுகிற வழக்கம் இருக்கிறதே, எங்கள் கணக்கில் அதுதான் இருப்பதிலேயே மோசம். கண்ணுக்கு மறைத்ததை மனம் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளும். சாதிக் கொலையைப் பற்றிய படம் அந்தக் கொலையைப் பூப்போலக் காட்ட முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். பிரச்சினை காட்சியில் இல்லை. அது எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்ற தகவல் உங்களிடம் இருந்தும் பார்ப்பவருக்குப் போகாததில் இருக்கிறது.

அந்தத் தகவல் எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள். சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் உண்டு. காது கேளாதவர்களுக்கான வரிகளில் ‘எலும்பு முறியும் சத்தம்’, ‘குழந்தை மூச்சுத் திணறுகிறது’ என்று ஒலியையே எழுத்தாக்குகிறோம். எந்தக் குரல் எப்போது வர வேண்டும் என்று பட்டியலிடும் டப்பிங் கியூ ஷீட்டில் ‘ரியாக்‌ஷன், அலறல், 6 வினாடி’ என்று டைம்கோடோடு, அதாவது படத்தில் அது வரும் நேரக் குறியோடு, இருக்கும். வயது வகைப்பாட்டை முடிவு செய்ய ஒருவர் முழுத் தொடரையும் பார்த்துக் குறிப்பெடுத்திருப்பார். தரச் சோதனைக்காரர் அதற்குப் பிறகும் ஒரு முறை பார்ப்பார். ஆக, எந்தப் பகுதியில் எந்த நொடியில் எது வருகிறது என்பது உங்கள் சர்வரில் குறைந்தது மூன்று கோப்புகளில் இருக்கிறது. சந்தா கட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும் அது தெரியாது.

மனதில் தங்கிவிடும் காட்சி என்றதும் எல்லாரும் ரத்தத்தை நினைக்கிறார்கள். மிக்ஸிங் மேசையில் உட்காருகிறவர்கள் வேறு சொல்வார்கள்: ரத்தம் மறந்துபோகும், சத்தம் போகாது. எலும்பு முறிய, படத்துக்கான ஓசைகளைச் செயற்கையாக உண்டாக்கும் ஃபோலி அறையில் செலரித் தண்டை ஈரத்துணியில் சுற்றி முறுக்குவார்கள். மண்டை உடையத் தர்பூசணி. இந்த ஒலிகளெல்லாம் இசையோடு சேர்ந்து எம் அண்ட் ஈ என்ற தனிப் பாதையில் மூலத்திலிருந்து அப்படியே வரும், அதன் மேல் தமிழ்க் குரலை ஏற்றுகிறோம். ஓடிடி கலவையில் வசனத்தின் சராசரி ஒலியளவை டெசிபல் கணக்கில் −27-ல் நிறுத்தச் சொல்வது பரவலாக உள்ள விதி. உச்சம் −2 வரை போகலாம். நடுவில் 25 டெசிபல் இடம் இருக்கிறது. கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிவைத்தவர் காதில் அடுத்த நொடியே அலறல் வந்து விழுவது இந்த இடத்தில்தான். விரார் ஃபாஸ்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இயர்ஃபோனில் பார்ப்பவர் ரயில் இரைச்சலுக்காக ஏற்கெனவே முழு வால்யூமில் வைத்திருப்பார். ஒரு கை கம்பியில், ஒரு கை ஃபோனில். காதை எந்தக் கையால் மூடுவது?

‘வன்முறை’ என்ற ஒரு சொல் இவருக்கு என்ன சொல்லிவிடும்? ஒரு கன்னத்து அறையும் வன்முறை, ஒரு குழந்தையைத் தண்ணீரில் அழுத்துவதும் வன்முறை. மேலும், வகைப்பாடு பல இடங்களில் முழுத் தொடருக்கும் ஒன்றாக இருக்கிறது. முதல் ஐந்து பகுதியில் ஒன்றும் இருக்காது. ஆறாவதில் வரும். அதற்குள் பார்ப்பவர் எச்சரிக்கையை மறந்திருப்பார், அல்லது ‘இவ்வளவுதானா’ என்று நினைத்திருப்பார்.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து வகை வைத்தன. அதோடு நிற்கவில்லை. பார்ப்பவர் விவரம் தெரிந்து முடிவெடுக்கும்படி, உள்ளடக்கத்தின் தன்மையைச் சொல்லும் குறிப்பையும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் காட்டச் சொல்கின்றன. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் நாலு வினாடி காட்டுவதில் அவர் என்ன விவரம் தெரிந்துகொள்வார்?

புகையிலை என்று வந்தால் எவ்வளவு கண்டிப்பு பாருங்கள். 2012 அக்டோபரிலிருந்து சினிமாவிலும் டிவியிலும், 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடியிலும், நாயகன் பீடி பற்றவைத்தால் கீழே எழுத்து வந்தாக வேண்டும். டப்பிங் படமென்றால் டப்பிங் மொழியிலேயே வர வேண்டும் என்று 2012 விதி சொல்கிறது. அந்த வரியைத் தமிழில் எழுதிக் கொடுப்பவர்களும் நாங்களே. பீடிக்கு நொடி தப்பாமல் தமிழ் வரி போடத் தெரிந்தவர்களுக்கு, தூக்குக் கயிறு வருவதற்கு முன் ஒரு தமிழ் வரி போடத் தெரியாதா?

பார்ப்பவர் தானாகத் தாண்டிக்கொள்ளட்டுமே என்று உங்கள் கூட்டங்களில் பேசப்படுகிறது. தாண்டிப் பாருங்கள். 1 நிமிடம் 38 வினாடிக் காட்சியை 10 வினாடி பட்டனால் தாண்டப் பத்துத் தடவை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்துக்கும் நடுவில் ஒரு துண்டு படமும் ஒரு துண்டு அலறலும் வந்து போகும். முழுதாகப் பார்ப்பதைவிட இந்தத் துணுக்குகள்தான் அதிகம் உறுத்தும். திரையின் கீழுள்ள நேரக் கோட்டை விரலால் இழுத்தாலோ மேலே சின்னச் சதுரத்தில் அதே காட்சியின் படங்கள் வரிசையாக ஓடும். எங்கே முடிகிறது என்று தெரியாததால் முன்கூட்டியே விரலை எடுத்துவிட்டுச் சரியாகப் பிணத்தின் முகத்தில் வந்து நிற்பார்கள்.

அப்படியும் ஒருவர் தாண்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கும். ‘முந்தைய பகுதிகளில்’ என்று ஒரு சுருக்கம். அதை வெட்டுகிற எடிட்டர் இருப்பதிலேயே வலுவான ஷாட்டைத்தான் எடுப்பார். அவர் தொழில் அது. கஷ்டப்பட்டுத் தாண்டிய காட்சி சாறு பிழிந்து முன்னால் வந்து நிற்கும். வகைப்பாட்டுக் குறிப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகே வரும். எங்கள் பட்டியலில் முதல் குற்றவாளி இந்தச் சுருக்கம்தான். தளத்தைத் திறந்ததும் கேட்காமலே ஒலியோடு ஓடும் முன்னோட்டம் இரண்டாவது.

சேனல்களுக்கு வருவோம். ஒளிபரப்புத் துறை தானே வகுத்துக்கொண்ட நெறிமுறையில், கட்டுப்படுத்தப்பட்ட வகை நிகழ்ச்சிக்கு இரவு 11 முதல் காலை 5 வரை என்று நேரம் இருக்கிறது. ஆனால் குற்றத் தொடரின் 20 வினாடி ப்ரோமோ ஏழரை மணி சீரியலின் இடைவேளையில் வந்து விழுகிறது. ப்ரோமோ என்பதே காட்சியின் உச்சத்தை மட்டும் எடுத்துக் கட்டியது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஏன் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை. கதையோடு பார்த்தால் தாங்கிக்கொள்ளக்கூடிய ஷாட் கதையில்லாமல் வரும்போது ஆணிபோல் இறங்கும்.

இரவு 11 மணி என்ற கணக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் டிவிக்குக் கீழேதான் குழந்தையின் பாய். ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா பதினொன்றரைக்குத்தான் டிவி போடுவார். வீட்டுக்கு ஒரு ஃபோன், ஃபோனுக்கு ஒரு ப்ரொஃபைல். பெற்றோர் பூட்டு என்ற ஏற்பாடு ஆளுக்கொரு அறையும் ஆளுக்கொரு திரையும் உள்ள வீட்டை மனதில் வைத்துச் செய்தது. வசதியானவர்கள் இருக்கும் லோகண்ட்வாலாவுக்கு அது சரி.

இப்படிக் கண்ணில் பட்ட காட்சி எத்தனை நாள் மனதில் தங்கும்? 1999-ல் கிறிஸ்டன் ஹாரிசன், ஜோன் கான்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 150 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சிறு வயதிலோ பதின்ம வயதிலோ திரையில் பார்த்த ஒன்று மனதை விட்டுப் போகாமல் பயமுறுத்தியது என்று ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொன்னார்கள். நான்கில் ஒருவருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. கான்டரின் ஆய்வுகள் காட்டும் இன்னொன்று உங்கள் வயதுக் கட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தையைப் பயமுறுத்துவது தோற்றம். ‘அதெல்லாம் மேக்கப் கண்ணு’ என்ற விளக்கம் அங்கே எடுபடாது. குழந்தையை அணைத்துக்கொள்வதும் டிவியை அணைப்பதும்தான் வழி. பத்து வயதுக்கு மேல் பேயைவிட, நிஜத்தில் நடக்கக்கூடியதுதான் பயம்: பூட்டை உடைத்து நுழையும் ஆள், பள்ளி வாசலில் கடத்தல். உங்கள் முத்திரையில் இரண்டுக்கும் ஒரே சொல்.

எமிலி ஹோம்ஸ் தலைமையிலான குழு 2009-ல் செய்த சோதனையையும் பாருங்கள். காயமும் சாவும் நிறைந்த 12 நிமிடக் காட்சிகளைக் காட்டி, அரை மணி கழித்து ஒரு பிரிவினரை மட்டும் 10 நிமிடம், விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டை விளையாட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் காட்சிகள் தாமாக மனதில் வந்து போனது அவர்களுக்குக் குறைவு. கண்ணுக்கு வேலை கொடுத்தால் படம் பதிய இடம் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அடுத்த ஆண்டு டெட்ரிஸுக்குப் பதில் சொற்களால் ஆன கணினி வினாடி வினா வைத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பார்த்து முடித்த கொஞ்ச நேரம் முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உங்கள் தளம் சில வினாடி எண்ணிவிட்டு அடுத்த பகுதியை ஓட்டுகிறது.

எச்சரிக்கையால் பயனில்லை என்று ஆய்வே சொல்கிறதே என்று கேட்பீர்கள். சொல்கிறதுதான். 2023-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி எச்சரிக்கை வாசகம் பார்த்தவரின் வேதனையைக் குறைக்கவில்லை, பார்க்கும் முன் பதற்றத்தைத்தான் கொஞ்சம் கூட்டியது. மறைக்க எங்களுக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் ‘மனதைப் பாதிக்கலாம்’ என்ற பொத்தாம்பொது வாசகத்தை நாங்கள் கேட்கவே இல்லை. பூனா காட் மலைப்பாதையில் ‘விபத்துப் பகுதி’ என்ற பலகை வண்டியோட்டிக்கு வயிற்றைத்தான் கலக்கும். எந்தத் திருப்பம், எத்தனை மீட்டர் என்று சொன்னால்தான் பிரேக்கில் கால் வைப்பார்.

நாங்கள் கேட்கும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி தருகிறோம்:

‘பகுதி 6. 00:31:12 முதல் 00:32:50 வரை. நாயைக் கொல்கிறார்கள். படத்தில் இல்லை, சத்தம் மட்டும். தாண்டினால் தெரிய வேண்டியது: வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போக முடிவெடுக்கிறார்.’

நேரம், என்ன, கண்ணுக்கா காதுக்கா, கதை இழை. நான்கே கட்டம். முதல் மூன்றும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. நான்காவதைத் தமிழ் வசனம் எழுதுகிறவர் வேலையோடு வேலையாக எழுதிவிடுவார். 45 நிமிடப் பகுதி ஒன்றுக்கு, கனமான தொடரென்றாலும், நாலைந்து வரிக்கு மேல் வராது.

இதில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறோம். தொடக்க நேரத்தைப் படத்தை வைத்துக் குறிக்கக் கூடாது. நல்ல எடிட்டர் சத்தத்தை ஷாட்டுக்கு இரண்டு மூன்று வினாடி முன்பே விட்டிருப்பார். சத்தம் தொடங்கும் இடமே தொடக்கம். முடிவு, கத்தி வெளியே வந்ததும் இல்லை. பார்த்து நிற்பவரின் முகம், தரையில் கிடக்கும் செருப்பு எல்லாம் போன பிறகுதான். அதே பகுதியில் பின்னால் 8 ஃப்ரேம் மட்டும் அந்தக் காட்சி நினைவாக மின்னி மறையும். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு, யாரும் குறிக்க மாட்டார்கள். தாண்டி வந்தவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். அதற்கும் ஒரு வரி வேண்டும்.

இன்னொன்று ஃப்ரேம் வேகம். 24-ல் எடுத்ததை 25-ல் ஓட்டினால் 4 சதவீதம் முன்னதாக முடியும். 31:12 என்று குறித்த காட்சி 29:57-லேயே வந்துவிடும். 75 வினாடிப் பிழை. தாண்ட உட்கார்ந்தவர் நடுக்காட்சியில் போய் இறங்குவார். டிவி வடிவத்தில் விளம்பர இடைவெளியால் கணக்கு மேலும் விலகும். ஆகவே குறிப்பை ஓடும் நேரத்தோடு கட்டாமல் மாஸ்டர் கோப்பின் டைம்கோடோடு கட்டுங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் அதிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். தவறான நேரம் கொடுப்பதைவிட ஒன்றும் கொடுக்காமல் இருப்பது மேல்.

கதை வெளியாகிவிடுமே என்று இயக்குநர்கள் சங்கடப்படுவது நியாயம். குறிப்பை மூடிவையுங்கள். வகை மட்டும் மேலே தெரியட்டும். நேரமும் விவரமும் தொட்டால் திறக்கட்டும். வேண்டாதவர் தொட மாட்டார்.

மின்னும் வெளிச்சத்துக்கு மட்டும் குறிப்பு போதாது, அதை அளக்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை அளவில் மாறி மாறி மின்னியதில் 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பின் உலக அளவில் நிலைத்த கணக்கு வினாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்பது. சோதிக்க மென்பொருள் இருக்கிறது. குத்துப்பாட்டுக்கும் பேய்ப் படத்துக்கும் அதை ஓட்டிப் பார்க்கலாம்.

டப்பிங் ஸ்டூடியோ நிர்வாகங்களுக்கும் சொல்ல இருக்கிறது. தகவல் போய்ச் சேராத முதல் ஆள் பார்வையாளர் இல்லை, மைக் முன் நிற்பவர். ‘நாளைக்கு ரெண்டு மணி நேரம் வேலை, வந்துடுங்க’ என்று அழைப்பு வரும். பாலியல் வன்முறைக் காட்சிக்குக் குரல் தர வேண்டும் என்பது ஹெட்ஃபோன் மாட்டிய பிறகே தெரியும். லூப்பில் போட்டு உதடு பொருந்தும்வரை டேக் மேல் டேக். பார்வையாளர் ஒரு முறை கேட்கும் அலறலை அவர் இருபது முறை அலறியிருப்பார். பெற்றோர் அழைத்துவரும் சிறுவர்களுக்கும் இதே நடைமுறைதான். குழந்தையின் அலறலுக்குக் குழந்தைக்குப் படத்தைக் காட்டத் தேவையே இல்லை. ‘ஊஞ்சலிலிருந்து விழப்போகிறாய்’ என்று சொல்லி ஒலியை மட்டும் எடுத்து, பின்னால் எடிட்டில் பொருத்தலாம். நேரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை. எச்சரிக்கையை மொழிபெயர்க்க வேண்டாம் என்ற வரியைத் தாளிலிருந்து எடுங்கள். தமிழ் ஒலி அல்லது தமிழ் சப்டைட்டில் தேர்ந்தவருக்குக் குறிப்பு தமிழில், படித்து முடிக்கும் நேரம்வரை நிற்கட்டும், 7 வினாடியாவது. ‘வன்முறை’யைப் பிரியுங்கள்: குழந்தைக்குத் துன்பம், விலங்கு வதை, பாலியல் வன்முறை, தற்கொலை, சாதிக் கொடுமை, சித்திரவதை, மின்னும் வெளிச்சம் என்ற ஏழோடு தொடங்கலாம். வகைப்பாடு பகுதிக்குப் பகுதி வேண்டும். மேலே சொன்ன நான்கு கட்டக் குறிப்பையும், ஒரே தொடுதலில் காட்சியைத் தாண்டும் பட்டனையும் முதலில் ஏ, யு/ஏ 16+ தொடர்களுக்குத் தமிழில் கொடுங்கள். குறித்த காட்சிகளைச் சுருக்கத்திலும் முன்னோட்டத்திலும் முகப்புப் படத்திலும் இழுக்கும் கோட்டின் சதுரத்திலும் பயன்படுத்தாதீர்கள். அப்படிப்பட்ட பகுதி முடிந்தால் அடுத்தது தானாக ஓடக் கூடாது. தற்கொலைக் காட்சிக்கு முன்னும் பின்னும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416 தமிழில் வரட்டும். 2017-ல் வெளியிட்ட மூன்று நிமிடத் தற்கொலைக் காட்சியை ஓர் அமெரிக்கத் தளம் 2019 ஜூலையில் எடுக்க வேண்டிவந்ததை நீங்கள் அறிவீர்கள். சேனல்கள் இரவு நிகழ்ச்சியின் ப்ரோமோவை இரவிலேயே வைத்துக்கொள்ளட்டும். மாலைக்கு வேண்டுமென்றால் பெயரும் நேரமும் உள்ள ஓர் அட்டை போதும். ஸ்டூடியோக்கள் அழைப்பிலேயே காட்சியின் தன்மையை எழுத வேண்டும், மறுப்பவரின் அடுத்த வேலையைப் பறிக்கக் கூடாது, சிறுவர்களுக்குப் படம் காட்டக் கூடாது.

ஒரு தனிப் பார்வையாளர் புகார் கொடுத்தால் 15 நாளில் பதில் தர வேண்டும் என்று அதே 2021 விதிகள் ஓடிடி தளங்களிடம் கேட்கின்றன. எங்களுக்கும் அந்த 15 நாள் போதும். சேனல்களும் ஸ்டூடியோக்களும் அதே கெடுவை ஏற்றுக்கொள்ளலாம். நான்கு கட்டத் தாளின் மாதிரியை இப்போது கையில் உள்ள வேலையிலேயே நிரப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், முதல் தொடருக்குக் கூலி வேண்டாம். எந்தத் தொடர் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்தேரி, மாலாட், செம்பூர், சயான் பகுதிகளில் தமிழ் டப்பிங், சப்டைட்டில், ஒலிக்கலவை வேலை செய்வோர்
மும்பை